லைம் ரீஜிஸ் எஞ்சின்: ஒரு சிற்றளவு மாதிரியும் அது சொல்லாத வரலாறும்

ஒரு சாணுக்கும் குறைந்த நீளம். கறுப்பு உடல், அதன் ஓரங்களில் மயிரிழை போன்ற சிவப்பு, வெண்மஞ்சள், சாம்பல் கோடுகள். முன்னே உயர்ந்து நிற்கும் புகைபோக்கி. கொதிகலனின் இருபுறமும் நீண்ட தண்ணீர்த் தொட்டிகள். முகப்பில், உருப்பெருக்கிக் கண்ணாடியின் துணையோடு படிக்கத்தக்க 30584 என்னும் எண். 'ஆடம்ஸ் ரேடியல்' என்று அழைக்கப்படும் ஆங்கிலேய நீராவி எஞ்சினின் சிற்றளவு மாதிரி இது. அசலில் 76இல் ஒரு பங்கு. 2015ஆம் ஆண்டில் ஹார்ன்பி, ஆக்ஸ்போர்டு ரயில் என்னும் இரண்டு பிரித்தானிய நிறுவனங்கள் இதே எஞ்சினின் மாதிரியை ஏறக்குறைய ஒரே வேளையில் சந்தைக்குக் கொண்டுவந்தன. மொத்தம் 71 மட்டுமே கட்டப்பட்டு, அவற்றிலும் மூன்றே மூன்று முதுமை வரை பிழைத்த ஓர் எஞ்சின் வகைக்கு, அசல்களைப் போல் பல மடங்கு எண்ணிக்கையில் மாதிரிகள் இன்று வீட்டு அலமாரிகளில் நிற்கின்றன.

இலக்கியம் பேசும் இப்பக்கத்தில் பொம்மை ரயிலுக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். (பொம்மை என்னும் சொல்லை இக்கலையில் ஈடுபட்டோர் விரும்புவதில்லை; நாமும் இனித் தவிர்ப்போம்.) நம்மைப் பொறுத்தவரை ஒரு துல்லியமான மாதிரி என்பதும் ஒருவகை வரலாற்று எழுத்தே. கடந்த காலத்தில் எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது என்னும் முடிவு அதில் அடங்கியிருக்கிறது. ஆடம்ஸ் ரேடியலை எல்லோரும் 'கடற்கரைக் கிளைப்பாதையின் குட்டி எஞ்சின்' என்றே அறிவர். அந்தப் பெயரில் பொய் இல்லை. ஆயினும் அது மூன்று எஞ்சின்களின் அந்திமக் காலத்துக்கு மட்டுமே பொருந்தும் உண்மை. மற்ற 68இன் வாழ்வு வேறு.

அவை கிளைப்பாதைக்கென்று பிறந்தவையே அல்ல. லண்டன் மாநகரத்துக்காகப் பிறந்தவை. 1880களில் லண்டன் தென்மேற்காகப் பரவிக்கொண்டிருந்தது. வாட்டர்லூ நிலையத்திலிருந்து புறப்பட்ட லண்டன் அண்டு சவுத் வெஸ்டர்ன் ரயில்வேயின் பாதைகளை ஒட்டிப் புதிய குடியிருப்புகள் வரிசை வரிசையாக எழுந்தன. காலையில் எழுத்தர்களையும் கடைச் சிப்பந்திகளையும் நகருக்குள் கொட்டி, மாலையில் அள்ளிச் செல்லும் பணிக்கு விரைந்து கிளம்பவும், அடுத்தடுத்த நிலையங்களில் நிற்கவும், இரு திசையிலும் திருப்பாமலே ஓடவும் வல்ல எஞ்சின்கள் தேவைப்பட்டன. நிறுவனத்தின் எஞ்சின் பொறுப்பாளராக 1878 முதல் 1895 வரை இருந்த வில்லியம் ஆடம்ஸ் இதற்காகவே 415 என்னும் வகையை வடிவமைத்தார். 1882 முதல் 1885 வரையிலான நான்கே ஆண்டுகளில் 71 எஞ்சின்கள் வந்து சேர்ந்தன. சொந்தப் பட்டறையில் அல்ல. பேயர் பீகாக், ராபர்ட் ஸ்டீவன்சன், டூப்ஸ், நீல்சன் ஆகிய வெளித் தொழிற்சாலைகளில் அவை கட்டப்பட்டன. இவற்றுள் டூப்ஸும் நீல்சனும் கிளாஸ்கோ நகரத்தவை. பின்னர் 1903இல் அவை இணைந்து உருவான நார்த் பிரிட்டிஷ் நிறுவனம் இந்திய ரயில்வேக்களுக்கு ஏராளமான எஞ்சின்களை அனுப்பியது என்பதையும் போகிற போக்கில் சொல்லிவைக்கலாம்.

இவ்வெஞ்சினின் கால்களைச் சற்றுக் கவனிக்க வேண்டும், ஏனெனில் கதை முழுவதும் அங்கேதான் இருக்கிறது. முன்னே நான்கு சிறு சக்கரங்கள், நடுவே 5 அடி 7 அங்குல விட்டமுள்ள நான்கு பெரிய இயக்கு சக்கரங்கள், பின்னே இரண்டு சிறு சக்கரங்கள். முன்னுள்ள நான்கும் 'போகி' என்னும் தனிச் சட்டத்தில் அமைந்தவை. அச்சட்டம் சுழல்வதோடு பக்கவாட்டிலும் சற்று நகரும். நகர்ந்ததை மீண்டும் நடுவுக்குக் கொண்டுவர வில்லமைப்பு உண்டு. இது ஆடம்ஸின் கண்டுபிடிப்பு. பின்னுள்ள ஒற்றை அச்சோ வில் போல் வளைந்த காடிகளுக்குள் வழுக்கிச் செல்லும். பாதை வளையும்போது அச்சும் வளைவின் மையத்தை நோக்கித் திரும்பிக்கொள்ளும். 'ரேடியல்' என்னும் பெயர் இதனால் வந்ததே. இதன் மூலக் கருத்து 1860களில் வேறொரு ஆடம்ஸின் தலையில் உதித்தது: வில்லியம் பிரிட்ஜஸ் ஆடம்ஸ். இரு ஆடம்ஸ்களும் உறவினர் என்று எண்ணி மயங்குவோர் உண்டு. பெயரொற்றுமை மட்டுமே, எனினும் 'ஆடம்ஸ் ரேடியல்' என்னும் தொடரில் முன்பாதி ஒருவரையும் பின்பாதி இன்னொருவரையும் குறிப்பதாகக் கொண்டால் தவறில்லை.

தலைநகரில் இவற்றின் ஆட்சி நெடுநாள் நீடிக்கவில்லை. 1897இல் ஆடம்ஸுக்குப் பின்வந்த டிரம்மண்டின் எம்7 என்னும் வலிய எஞ்சின்கள் வந்தன. 1915இல் வாட்டர்லூவிலிருந்து விம்பிள்டன் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. புறநகர்ப் பாதைகள் ஒவ்வொன்றாக மின்மயமாயின. மூன்றாவது தண்டவாளத்தில் பாயும் மின்சாரத்தோடு நிலக்கரி எஞ்சின் போட்டியிட முடியுமா? ஒன்றன்பின் ஒன்றாக இரும்புக் கடைக்குப் போயின. 1920களின் முடிவில் அந்நிறுவனத்தின் வாரிசான சதர்ன் ரயில்வேயிடம் எஞ்சியவை இரண்டே. அவையும் பிழைத்திருக்கக் காரணம் திறமையோ பரிவோ அல்ல. டெவன், டார்செட் மாவட்டங்களின் எல்லையில் இருந்த ஒரு கோணலான பாதை.

லைம் ரீஜிஸ் என்னும் ஊர்ப்பெயர் நாவல் வாசகர்களுக்குப் புதிதல்ல. ஜேன் ஆஸ்டினின் 'பெர்சுவேஷன்' நாவலில் லூயிசா மஸ்குரோவ் குதித்து விழுவது அவ்வூரின் 'காப்' என்னும் அலைதடுப்புச் சுவரின் படிகளில்தான். ஜான் ஃபவுல்ஸின் 'தி ஃபிரெஞ்ச் லெஃப்டினண்ட்ஸ் உமன்' (1969) தொடங்குவதும் அச்சுவரின் மேல்தான். மேரி ஆனிங் புதைபடிவங்களைத் தோண்டியெடுத்த பாறைச் சரிவுகளும் அங்கேயே. இத்தனை புகழிருந்தும் ரயில் அவ்வூரை எட்டியது மிகத் தாமதமாக, 1903 ஆகஸ்ட் 24 அன்று. காரணம் நிலம். வழுக்கும் களிமண்ணும் சரிவும் நிறைந்த அப்பகுதியில் செலவைக் குறைத்துப் பாதை போட ஒரே வழி, குன்றுகளைக் குடையாமல் அவற்றைச் சுற்றிக்கொண்டு போவதே. இலகு ரயில்வேச் சட்டம் அதற்கு இடங்கொடுத்தது. ஆக்ஸ்மின்ஸ்டரிலிருந்து 6¾ மைல் தூரம். இடையே கூம்பைன் என்னும் ஒரே நிலையம். 40க்கு 1 என்னும் ஏற்றங்கள். சுமார் 200 மீட்டர் ஆரம் கொண்ட வளைவுகள். இவ்வளவும் வளைந்து நெளிந்து போய் முடியும் நிலையமோ கடலோரத்தில் இல்லை. ஊருக்கு மேலே மேட்டில் நின்றது. இறங்கும்போது எளிது. திரும்பும்போது பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறியவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை ஊகிக்கலாம்.

பாதையின் பெரும் கட்டுமானம் கேனிங்டன் உயர்பாலம். பத்து வளைவுகள், 93 அடி உயரம், முழுவதும் கான்கிரீட். அக்காலத்தில் கான்கிரீட்டில் இவ்வளவு பெரிய பாலம் கட்டுவது துணிச்சலான செயல். துணிச்சலுக்கு நிலம் பதில் சொன்னது. கட்டும்போதே மேற்கு முனையும் அதையடுத்த தூணும் மண்ணில் அமிழ்ந்தன. மூன்றாம் வளைவின் இடைவெளிக்குள் செங்கல்லால் முட்டுக் கட்டி நிறுத்தினார்கள். இன்றும் கீழிருந்து பார்ப்பவர்கள் மேல்விளிம்பு அவ்விடத்தில் தாழ்ந்திருப்பதைக் காணலாம்.

இப்பாதையில் எந்த எஞ்சினை ஓட்டுவது என்பதே பெருஞ்சிக்கல். கனமானது ஏறக் கூடாது. இலேசானது ஏற்றத்தில் இழுக்காது. நீண்ட விறைப்பான சட்டம் கொண்டது வளைவில் தண்டவாளத்தோடு மல்லுக்கு நிற்கும். ஆரம்பத்தில் பிறரிடம் வாங்கிய டெரியர் வகைக் குட்டி எஞ்சின்கள் ஓடின, வலு போதவில்லை. ஆடம்ஸே வடிவமைத்த ஓ2 வகை வந்தது. வளைவுகள் அதன் உடலை வாட்டின. முதல் உலகப் போருக்குச் சற்று முன்பு, லண்டனில் வேலையிழந்துகொண்டிருந்த ரேடியல்கள் அங்கு அனுப்பப்பட்டன. முன்னே நெகிழும் போகி, பின்னே வழுக்கும் அச்சு. புறநகர்ப் பாதையின் வேகத்துக்காகச் செய்த ஏற்பாடு இங்கே வேறொன்றுக்கு உதவியது. அதன்பின் அரை நூற்றாண்டு காலம் வேறு வகைகளைக் கொண்டுவந்து சோதித்துப் பார்த்தனர். ஒவ்வொரு முறையும் பழையனவே திரும்பின. மாற்றாள் கிடைக்காததால் ஓய்வு பெற முடியாத ஊழியரின் நிலை அவற்றுக்கு.

மூன்றாவது எஞ்சினின் கதை தனியானது. நீல்சன் தொழிற்சாலையில் 1885இல் பிறந்த 488ஆம் எண் எஞ்சின், முதல் உலகப் போரின்போது 1917இல் படைக்கலத் தளவாட அமைச்சகத்துக்கு விற்கப்பட்டுக் கெண்ட் மாவட்டத்துக்குப் போனது. போர் முடிந்ததும் 1919இல் கிழக்குக் கெண்ட் இலகு ரயில்வே அதை வாங்கி 5 என்று எண்ணிட்டது. நிலக்கரிச் சுரங்கங்களை நம்பித் தொடங்கி, சுரங்கங்கள் கைவிட்டதால் ஏழ்மையிலேயே காலந்தள்ளிய சிறு ரயில்வே அது. பணக்கார நிறுவனத்திடம் இருந்திருந்தால் 1920களிலேயே உடைக்கப்பட்டிருக்கும். ஏழை வீட்டில் இருந்ததால் மூலையில் கிடந்தாவது பிழைத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், லைம் ரீஜிஸ் பாதையின் இரு கிழங்களும் தளர்ந்துபோன நிலையில், சதர்ன் ரயில்வேக்கு அந்த மூன்றாவதன் நினைவு வந்தது. 1946இல் தேடிப் போய் அதை மீண்டும் வாங்கினர். 1948இல் எல்லா ரயில்வேக்களும் நாட்டுடைமையானபோது இம்மூன்றும் 30582, 30583, 30584 என்னும் எண்களைப் பெற்றன.

இனி வரும் 13 ஆண்டுகள்தாம் மாதிரிகளில் உறைந்து நிற்கும் காலம். கோடைச் சனிக்கிழமைகளில் வாட்டர்லூவிலிருந்தே நேராக வரும் பெட்டிகளை ஆக்ஸ்மின்ஸ்டரில் பிரித்தெடுத்து, இரண்டு ரேடியல்களை முன்னே பூட்டி, குன்றுகளைச் சுற்றி இழுத்துச் செல்வார்கள். 70 வயதைத் தாண்டிய விக்டோரியா காலத்து எஞ்சின்கள் இன்னும் உழைக்கின்றன என்று கேள்விப்பட்டு, கேமராவோடு ஆர்வலர்கள் திரண்டனர். ஒரு நூற்றாண்டின் மூன்றில் ஒரு பங்குக் காலம் லண்டன் மக்களைச் சுமந்தபோது யாரும் ஏறெடுத்துப் பார்க்காத இவ்வகை, சாகும் தறுவாயில் அங்குலம் அங்குலமாகப் படம் பிடிக்கப்பட்டது. நம்மிடம் எஞ்சியுள்ள சான்றின் பெரும்பகுதி இப்படங்களே. மாதிரி செய்வோர் சான்று மிகுந்த இடத்துக்குத்தான் போவார்கள். வரலாற்றாசிரியர்களும் பல நேரம் அப்படித்தான்.

1960இல் வளைவுகள் சற்றுத் தளர்த்தப்பட்டன. ஐவட் வடிவமைத்த புதிய வகை எஞ்சின் தேறியது. 1961இல் ரேடியல்கள் மூன்றும் விலக்கப்பட்டன. முந்தைய ஆண்டில்தான் ஆர்வலர்களின் முயற்சியால் தொடங்கியிருந்த சசெக்ஸின் புளூபெல் ரயில்வே 30583ஐ வாங்கியது. அதாவது கெண்டில் கிடந்து மீண்ட பழைய 488ஐ. மற்ற இரண்டும் உடைக்கப்பட்டன. பாதையும் அதிக நாள் நிற்கவில்லை. 2,363 நிலையங்களையும் சுமார் 5,000 மைல் பாதையையும் மூடப் பரிந்துரைத்த பீச்சிங் அறிக்கை 1963இல் வந்தது. 1965 நவம்பர் 29 அன்று லைம் ரீஜிஸ் பாதை மூடப்பட்டது.

மாதிரிக்குத் திரும்புவோம். இயக்கு சக்கரத்தின் விட்டம் இதில் 22 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம், சரியான கணக்கு. தண்ணீர்த் தொட்டியின் ஆணித்தலைகள், கைப்பிடிக் கம்பிகள், ஓட்டுநர் அறையின் குழாய்கள் எல்லாம் உண்டு. ஆனால் தண்டவாளத்தின் அகலம் மட்டும் தவறு. அசல் பாதையின் 1,435 மில்லிமீட்டரை 76.2ஆல் வகுத்தால் 18.83 வர வேண்டும். இம்மாதிரி ஓடும் பாதையோ 16.5 மில்லிமீட்டர். அசலில் ஏழு அங்குலம் குறுகிய பாதைக்குச் சமம். இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1920களில் இச்சிறு அளவுகள் உருவானபோது ஐரோப்பாவில் ஓர் அடிக்கு 3.5 மில்லிமீட்டர் என்னும் விகிதம் நிலைத்தது, 16.5 அதற்குப் பொருத்தமான அகலம். பிரித்தானிய எஞ்சின்களோ ஐரோப்பிய எஞ்சின்களை விட ஒடுக்கமானவை. அக்கால மின்மோட்டார் அவ்வளவு சிறிய உடலுக்குள் நுழையாது. எனவே உடலை மட்டும் 4 மில்லிமீட்டர் விகிதத்துக்குப் பெருக்கிவிட்டுப் பாதையை அப்படியே விட்டனர். 1938இல் ஹார்ன்பி டப்ளோ வெளிவந்து வீடுகளில் பரவியதும் பிழை மரபாயிற்று. இன்று மோட்டார்கள் சுண்டுவிரலளவுக்குச் சுருங்கிவிட்டன. பாதை மாறவில்லை. மனம் பொறுக்காத சிலர் 1960களில் 18.83 அளவிலேயே தண்டவாளமும் சக்கரமும் தாமே செய்யத் தொடங்கினர். அவர்களுடைய மரபு தொடர்கிறது, சிறுபான்மையாக.

அதைவிட வேடிக்கை வளைவு. அசல் பாதையின் கொடிய வளைவு 200 மீட்டர் ஆரம் என்றோம். 76.2ஆல் வகுத்தால் சுமார் 2.62 மீட்டர். அந்த ஆரத்தில் ஓர் அரைவட்டம் திரும்ப 5 மீட்டருக்கும் அதிகமான அகலமுள்ள அறை வேண்டும். யார் வீட்டில் இருக்கிறது? கடையில் விற்கும் வழக்கமான வளைவுத் தண்டவாளங்களுள் ஒன்றின் ஆரம் 438 மில்லிமீட்டர். அசலுக்கு மாற்றினால் 33 மீட்டர். லைம் ரீஜிஸ் வளைவைப்போல் ஆறு மடங்கு கடுமை! வளைவில் திரும்ப வல்லது என்பதால் அரை நூற்றாண்டு பிழைத்த எஞ்சினை, அது கனவிலும் காணாத வளைவுகளில் ஓட்டுகிறோம். அதற்காக மாதிரியின் போகியும் பின்னச்சும் அசலை விடத் தாராளமாக அசைய விடப்படுகின்றன. எடையிலும் இதே தொல்லை. 55 டன் எஞ்சினை முப்பரிமாணத்திலும் சுருக்கினால் சுமார் 126 கிராம் தேறும். அது பெட்டிகளை இழுக்கப் போதாது. உள்ளே உலோகக் கட்டி வைத்துக் கனமாக்கினால்தான் சக்கரம் வழுக்காது.

இவற்றை நாம் குறைகளாகச் சொல்லவில்லை. ஓட வேண்டிய ஒன்று செய்துகொள்ளும் சமரசங்கள் இவை. நமது தயக்கம் வேறு. மாதிரி செய்பவர் ஒரு தேதியைத் தெரிவு செய்தாக வேண்டும். ரேடியல்களின் கொதிகலன்கள் பட்டறைக்குப் போகும்போதெல்லாம் மாற்றப்பட்டன. ஆடம்ஸ் காலத்துக் கொதிகலனில் பாதுகாப்பு வால்வுகள் ஓரிடத்தில் இருந்தால், டிரம்மண்ட் கொதிகலனில் அவை மேலுள்ள குவிமாடத்தின் மீது இருக்கும். ஆகவே 30582 என்று எண்ணை மட்டும் ஒட்டினால் போதாது, எந்த ஆண்டின் 30582 என்று தெரிய வேண்டும். இவ்வளவு நுணுக்கம் பார்க்கும் ஆர்வலர்கள், தெரிவு செய்யும் ஆண்டுகள் பெரும்பாலும் 1950களுக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. 1890இல், வாட்டர்லூவின் புகையில், நெரிசல் மிகுந்த பெட்டிகளை இழுத்தபடி நிற்கும் ரேடியலைச் செய்து காட்டுவோர் அரிது.

இடநெருக்கடி ஒரு காரணம். ஒரு கிளைப்பாதை முனையத்தை ஓர் அலமாரியின் மேல் அமைத்துவிடலாம். மாநகர நிலையத்துக்கு மண்டபம் வேண்டும். 1949இல் தொடங்கிய 'ரயில்வே மாடலர்' இதழ் எளிய வீட்டுக்கேற்ற சிறு அமைப்புகளை ஊக்குவித்தது. இன்னொரு காரணம் இழப்பு. பீச்சிங்குக்குப் பின் கிளைப்பாதை என்றாலே பறிபோன கிராமம், பறிபோன கோடை என்னும் பொருள் ஏறிவிட்டது. இந்த ஏக்கம் பீச்சிங்குக்கும் முந்தையது. ஆஸ்திரேலியாவிலிருந்து 1925இல் வந்த ராய் இங்கிலாந்து என்பவர், பெர்க்ஷயர் கிராமத்துக் கூரை வீடுகள் கண்முன்னே அழிவதைப் பொறாமல் அவற்றை ஓர் அடிக்கு 4 மில்லிமீட்டர் அளவில் செய்துவைக்க முற்பட்டார். அவர் 1954இல் ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகே நிறுவிய பெண்டன் அருங்காட்சியகத்தில் ஒவ்வொரு குடிசையும் பெயர் சொல்லக்கூடிய ஓர் உண்மையான குடிசை. அம்முயற்சியை நாம் பெரிதும் மதிக்கிறோம். பறிபோனதைத் தேடிச் செய்வதில் ஒரு நேர்மை இருக்கிறது. ஆனால் புறநகர் எழுத்தரின் காலை நேர நெரிசலுக்காக ஏங்குவார் இல்லை. ஆதலால் 68 எஞ்சின்களுக்கு மாதிரியும் இல்லை.

488 மட்டும் இரு வரலாற்றுக்கும் சாட்சி. புளூபெல் ரயில்வேயில் அதற்குப் பழைய நிறுவனத்தின் பச்சை வண்ணம் பூசினர். அந்த உருவிலும் மாதிரிகள் வந்துள்ளன. பார்க்க அழகுதான். ஆனால் 76 ஆண்டுகளில் பலமுறை மாற்றப்பட்ட உடலுக்கு மேல் பூசிய பச்சை அது. 1990இல் அதன் ஓட்டம் நின்றது. லைம் ரீஜிஸ் நிலையத்தின் கட்டடத்தைப் பிரித்தெடுத்து ஹாம்ப்ஷயரில், இன்னொரு பாதுகாக்கப்பட்ட ரயில்வேயின் ஆல்ரெஸ்ஃபோர்டு நிலையத்தில் மீண்டும் நிறுவியிருக்கிறார்கள். கேனிங்டன் உயர்பாலம் தண்டவாளம் இல்லாமல் இருந்த இடத்திலேயே நிற்கிறது. அதை அளவு மாறாமல் செய்ய விரும்புவோருக்கு நீளம் சுமார் 2.4 மீட்டர் ஆகும், உயரம் 37 சென்டிமீட்டர். மூன்றாம் வளைவுக்குள் செங்கல் முட்டு வைக்க வேண்டும். மேற்கு முனையில் விளிம்பைச் சற்றே தாழ்த்தவும் வேண்டும்.